இலவசக் கருவிகளை வைத்து நர்சிங் பாடம் நடத்துவது எப்படி?

நர்சிங் ஆசிரியர் பணிக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். ஸ்கில் லேபில், அதாவது செய்முறைப் பயிற்சி அறையில், இருப்பது ஒரு பழைய பொம்மை, மென்பொருள் வாங்க நிதி கிடையாது. அல்லது நீங்கள் மாணவர், கையில் ஒரு போனும் கொஞ்சம் டேட்டாவும்தான் இருக்கிறது. இரண்டு பேருக்குமே இந்தக் கட்டுரை. காசு கொடுக்காமல் கிடைக்கும் நல்ல கருவிகள் நர்சிங்குக்கு நிறையவே இருக்கின்றன. தேடினால் பட்டியல் பட்டியலாக வந்து விழும். அதில் எதை எடுப்பது, எதைத் திருத்தி எழுதலாம், எது நடுவழியில் பணம் கேட்கும், யாரிடம் அனுமதி வாங்குவது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. அதில் நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

1. கருவியைத் தேடும் முன் பாடத்தை முடிவு செய்யுங்கள்

ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு அலகை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முடிவில் மாணவர் என்ன செய்துகாட்ட வேண்டும் என்று ஒரு வரியில் எழுதுங்கள். ‘டிரிப் வேகத்தைக் கணக்கிட்டு, சொட்டுகளை எண்ணிச் சரிசெய்ய வேண்டும்’ என்று எழுதினால், அதற்கு ஒரு கணக்குப் பயிற்சியும் ஒரு செய்முறைச் செக்லிஸ்டும் போதும் என்பது உடனே தெரிந்துவிடும். முப்பரிமாண உடல் மாதிரியெல்லாம் அந்தப் பாடத்துக்குத் தேவையே இல்லை.

வகுப்பு தொடங்க ஆறு வாரம் இருக்கும்போதே வேலையைத் தொடங்கிவிடுங்கள். முதல் இரண்டு வாரம் தேர்வுக்கும் அனுமதிக்கும் போய்விடும். அடுத்த இரண்டு வாரத்தில் பாடத்தைத் தயார் செய்யலாம். ஐந்தாவது வாரம் நாலைந்து மாணவர்களை வைத்து ஒத்திகை, கடைசி வாரம் திருத்தம். ஒத்திகையை மட்டும் விட்டுவிடாதீர்கள். கல்லூரியின் வைஃபையில் முப்பது பேர் ஒரே நேரத்தில் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை வகுப்பு நடக்கும்போது தெரிந்துகொள்ளக் கூடாது.

2. உரிமத்தைப் படியுங்கள்

பலரும் தாண்டிப் போய்விடும் இடம் இது. ஒரு பக்கம் காசில்லாமல் திறக்கிறது என்பதால் அதை நகலெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம் என்று ஆகிவிடாது. சில தளங்களில் படிக்க மட்டுமே அனுமதி. சில தளங்கள் ஆசிரியர்களுக்குச் சில வாரம் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு கட்டணம் கேட்கும். இன்னும் சிலவற்றை எடுத்து, திருத்தி, உங்கள் மாணவர்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்க முழு உரிமை உண்டு. நமக்கு அதிகம் உதவுவது இந்தக் கடைசி வகை.

தன் படைப்பை மற்றவர்களும் பயன்படுத்த ஆக்கியவர் முன்கூட்டியே அனுமதிப்பதுதான் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். அதில் நான்கு குறியீடுகளை மனதில் வைத்தால் போதும். ‘பிஒய்’ என்றால் எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும். ‘என்சி’ என்றால் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ‘எஸ்ஏ’ என்றால் திருத்தியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். ‘என்டி’ என்றால் திருத்தியதை வெளியிடக் கூடாது. தமிழில் பாடம் தயாரிப்பவர்கள் கடைசிக் குறியீட்டை உற்றுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மொழிபெயர்ப்பும் திருத்தம்தான். ஸ்டாட்பேர்ல்ஸ் என்ற தளத்தின் மருத்துவக் கட்டுரைகள் அருமையானவை, யாரும் படிக்கலாம். ஆனால் அவற்றின் உரிமத்தில் ‘என்சி’யும் ‘என்டி’யும் இருக்கின்றன. அப்படியே படிக்கச் சொல்லலாம், தமிழாக்கி மாணவர்களுக்குப் பரப்ப முடியாது.

ஒவ்வொரு படத்துக்கும் நூலுக்கும் நான்கு விவரத்தை ஒரு விரிதாளில் எழுதி வையுங்கள்: தலைப்பு, ஆக்கியவர், எடுத்த இடம், உரிமம். கூடவே எடுத்த தேதியையும், உரிமம் தெரியும் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்துவிடுங்கள். பின்னாளில் யாராவது கேட்டால் இந்த ஒரு தாள்தான் உங்கள் பதில். உடலமைப்புப் படங்கள் வேண்டுமென்றால் கூகுள் படத்தேடலில் கண்டதை எடுக்காமல் சர்வியர் மெடிக்கல் ஆர்ட் தளத்துக்கும் விக்கிமீடியா காமன்ஸுக்கும் போங்கள். சர்வியர் படங்களுக்குப் பெயர் குறிப்பிட்டால் போதும், வெட்டி ஒட்டலாம், தமிழில் பெயரும் எழுதலாம். யூடியூப் வீடியோவைத் தரவிறக்கி உங்கள் பெயரில் ஏற்றாதீர்கள். இணைப்பைக் கொடுத்தாலே வேலை முடிந்தது.

3. பாடநூல்

இரண்டு வரிசைகளிலிருந்து தொடங்குங்கள். ஒன்று ஓப்பன் ஆர்என். அமெரிக்காவின் விஸ்கான்சினில் உள்ள சிப்பெவா வேலி தொழில்நுட்பக் கல்லூரி வெளியிடுவது. அடிப்படை நர்சிங், செய்முறைத் திறன்கள், மருந்தியல், மனநலம், நிர்வாகம் என்று நூல்கள் உண்டு. ‘பிஒய்’ உரிமம் என்பதால் பெயர் குறிப்பிட்டுவிட்டுத் தாராளமாகத் திருத்தலாம், தமிழாக்கலாம். இன்னொன்று ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ். உடற்கூறியலும் உடலியங்கியலும் சேர்ந்த நூல், நுண்ணுயிரியல், நர்சிங்குக்கென்றே தனி வரிசை ஆகியவை அங்கே இருக்கின்றன. பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம். உரிமத்தை மட்டும் நூலுக்கு நூல் பார்த்துவிடுங்கள்.

இரண்டுமே அமெரிக்க மாணவர்களை மனதில் வைத்து எழுதியவை. அப்படியே கையில் கொடுத்தால் குழப்பம் வரும். நாம் பாராசிட்டமால் என்பதை அவர்கள் அசிட்டமினோஃபென் என்பார்கள். அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின், சால்பியூட்டமால் அங்கே ஆல்பியூட்டரால். ஒரே மருந்தை இரண்டு மருந்தாக நினைத்துப் படிக்கும் மாணவர் வார்டில் தடுமாறுவார், அது நோயாளிக்கு ஆபத்து. அலகுகளும் அப்படித்தான். ரத்தச் சர்க்கரையை ஒரு நூல் மில்லிகிராம்/டெசிலிட்டரில் சொல்லும், இன்னொன்று மில்லிமோல்/லிட்டரில் சொல்லும். மில்லிமோல் அளவை 18-ஆல் பெருக்கினால் மில்லிகிராம் அளவு கிடைக்கும். நூலின் முதல் பக்கத்திலேயே பெயர் மாற்றத்துக்கும் அலகு மாற்றத்துக்கும் ஓர் அட்டவணை ஒட்டிவிடுங்கள். செவிலியர் எதைச் செய்யலாம், எதற்கு மருத்துவரின் உத்தரவு வேண்டும் என்ற பகுதிகளை உங்கள் நர்சிங் கவுன்சிலின் விதியோடும், மாணவர்கள் வார்டுப் பயிற்சிக்கு (போஸ்டிங்) போகும் மருத்துவமனையின் நடைமுறையோடும் ஒப்பிட்டுத் திருத்துங்கள். இதற்கு இரண்டு மூன்று மாலைகள் பிடிக்கும். செலவிடத் தகுந்த நேரம்தான்.

மருந்து பற்றிச் சந்தேகம் வந்தால் மாணவர்களை மெட்லைன்பிளஸ் பக்கம் அனுப்புங்கள். எளிய மொழியில் இருக்கும். ஆசிரியர் சரிபார்க்க டெய்லிமெட், மருந்தோடு வரும் முழு விவரத் தாள்கள் அதில் கிடைக்கும்.

4. நினைவில் நிறுத்த: அங்கி

மருந்தியலுக்கு அங்கியைப் போல உதவியது வேறு எதுவும் இல்லை என்று தயங்காமல் சொல்வேன். இது அட்டைகளைக் கேள்வி பதிலாகக் காட்டும் செயலி. தெரிந்த அட்டையைச் சில நாள் தள்ளிக் காட்டும், தெரியாததைச் சீக்கிரமே திரும்பக் கொண்டுவரும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோன் செயலிக்குக் கட்டணம் உண்டு. ஐபோன் வைத்திருப்பவர்கள் உலாவியில் அங்கிவெப் தளத்தைத் திறந்து இலவசமாகவே படிக்கலாம். ஆண்ட்ராய்டில் தேடும்போது ‘அங்கிட்ராய்டு’ என்ற பெயரைப் பார்த்து இறக்குங்கள். பெயரும் படமும் ஒத்துப்போகும் வேறு செயலிகள் சந்தா கேட்கும்.

அட்டை எழுதுவதில் ஒரே விதிதான், ஓர் அட்டைக்கு ஒரு விஷயம். டிகாக்சின் என்ற இதய மருந்துக்கு ‘டிகாக்சின் பற்றி எழுதுக’ என்று ஓர் அட்டை போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். இப்படிப் பிரியுங்கள்:

கேள்வி: டிகாக்சின் கொடுக்கும் முன் எதை எண்ண வேண்டும்? பதில்: ஏபிகல் பல்ஸ் (இதய நுனியில் கேட்கும் துடிப்பு), ஒரு முழு நிமிடம்.

கேள்வி: பெரியவருக்கு ஏபிகல் பல்ஸ் எவ்வளவுக்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும்? பதில்: 60.

கேள்வி: ரத்தத்தில் எது குறைந்தால் டிகாக்சின் நச்சுத்தன்மை கூடும்? பதில்: பொட்டாசியம்.

உடற்கூறியலுக்குப் படத்தின் பகுதிகளை மறைத்துக் கேட்கும் வசதி அங்கியிலேயே இருக்கிறது. இதயப் படத்தில் நான்கு வால்வுகளையும் மறைத்துவிட்டால் நான்கு அட்டைகள் தயார்.

மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கணினியையும் போனையும் முதல்முறை ஒத்திசைக்கும்போது, ஏற்றவா இறக்கவா என்று அங்கி கேட்கும். அட்டைகள் எந்தக் கருவியில் இருக்கின்றனவோ அதிலிருந்து ஏற்றுங்கள், மற்றதில் இறக்குங்கள். மாற்றி அழுத்தினால் காலியான தொகுப்பு வந்து எழுதிய அட்டைகளை அழித்துவிடும். அதற்கு முன்பே கோப்பாக ஏற்றுமதி செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது. அப்புறம், நாளைக்கு 20 புதிய அட்டைகள் என்று அதுவாகவே அமைந்திருக்கும். போஸ்டிங் இருக்கும் நாட்களில் அது சுமை. 8 அல்லது 10 ஆகக் குறைத்துவிட்டால் தொடர்ந்து படிக்க முடியும். யாரோ செய்து பகிர்ந்த அட்டைத் தொகுப்பில் டோஸ் தவறாக இருக்கலாம். மருந்து அட்டைகளை மட்டுமாவது வகுப்பாகச் சேர்ந்து நீங்களே எழுதி, ஆசிரியர் பார்த்த பிறகு பகிருங்கள்.

5. டோஸ் கணக்கும் வினாடி வினாவும்

இணையத்தில் பாடமும் தேர்வும் நடத்த உதவும் மூடில் என்ற மென்பொருள் உங்கள் கல்லூரியில் இருந்தால் அதில் ‘கணக்கிடும் வினா’ என்று ஒரு வகை உண்டு. ஒரு கேள்வி எழுதினால் ஒவ்வொரு மாணவருக்கும் எண்களை மாற்றிக் கொடுக்கும், பக்கத்துத் திரையைப் பார்த்து எழுத முடியாது. எடுத்துக்காட்டு: 1000 மில்லி திரவம், 8 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட். 1000-ஐ 20-ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் 41.67. வார்டில் யாரும் முக்கால் சொட்டு எண்ண முடியாது, விடை 42. ஆனால் மூடில் 41.67-ஐத்தான் சரியான விடையாக வைத்திருக்கும். விடை எவ்வளவு விலகலாம் என்ற வரம்பை (டாலரன்ஸ்) விகிதமாக இல்லாமல் எண்ணளவில் 0.5 என்று அமையுங்கள். 42 என்று எழுதியவருக்கு மதிப்பெண் கிடைக்கும், 41 என்று எழுதியவருக்குக் கிடைக்காது. இந்த ஓர் அமைப்பைப் பார்க்காமல் விட்டால் சரியாகப் போட்ட பிள்ளைகளுக்கெல்லாம் தவறு என்று வந்துவிடும்.

மூடில் மென்பொருள் இலவசம்தான். அதை ஓட்டும் சர்வருக்கும் பராமரிக்கும் ஆளுக்கும் செலவு உண்டு. கல்லூரியில் ஏற்கெனவே இல்லையென்றால் ஒரு பாடத்துக்காக அதை நிறுவ வேண்டாம், கூகுள் ஃபார்ம்ஸ் போதும்.

முடிவெடுக்கும் பயிற்சிக்கு எச்5பி நல்ல கருவி. வீடியோவை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். ‘நோயாளிக்கு மூச்சுத் திணறுகிறது, முதலில் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டு, தேர்ந்தெடுத்த பதிலுக்கு ஏற்பக் கதையை வேறு பக்கம் கொண்டுபோகலாம். புதிய மூடில் பதிப்புகளில் இது உள்ளேயே இருக்கிறது. மூடில் இல்லாதவர்கள் லூமி என்ற இலவச மென்பொருளில் செய்து சாதாரண வலைக்கோப்பாக ஏற்றுமதி செய்து கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் யார் எவ்வளவு மதிப்பெண் எடுத்தார் என்பது உங்களிடம் வந்து சேராது. பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், தேர்வுக்கு வேண்டாம்.

6. ஸ்கில் லேபில் சிமுலேஷன்

சிமுலேஷன் என்பது உண்மையான நோயாளி இருப்பதுபோல் நடத்திப் பார்க்கும் பயிற்சி. விலை உயர்ந்த பொம்மை இல்லாவிட்டாலும் அதை நன்றாக நடத்தலாம். ‘இன்ஃபர்மரி இன்டகிரேட்டட்’ என்று ஒரு திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சாதாரண லேப்டாப்பை வார்டு மானிட்டராக மாற்றிவிடும். நாடித்துடிப்பு, பி.பி., ஆக்சிஜன் அளவு, இசிஜி அலை எல்லாம் ஓடும், ஆசிரியர் நினைத்த நேரத்தில் மாற்றலாம். பழைய பொம்மையின் தலைமாட்டில் அந்த லேப்டாப்பை வைத்தால் அறையின் சூழலே மாறிவிடுகிறது.

பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் நாடி 88, பி.பி. 118/76. ஐந்து நிமிடம் கழித்து நாடியை மட்டும் 112-க்கு ஏற்றுங்கள், பி.பி.யை அப்படியே விடுங்கள். இதைக் கவனிக்கிறார்களா என்று பாருங்கள். இளம் வயதுத் தாயின் உடல் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும், பி.பி. விழும்போது ரத்தம் ஏற்கெனவே நிறையப் போயிருக்கும். நாடி ஏறுவதை முதல் எச்சரிக்கையாக எடுத்து, கருப்பையைத் தொட்டுப் பார்த்து, உதவிக்குக் கூப்பிடும் மாணவர் சரியான பாதையில் இருக்கிறார். புத்தகத்தில் இருபது முறை படித்தாலும் கிடைக்காத பழக்கம் இது.

காட்சி 10 முதல் 15 நிமிடம் ஓடினால் போதும். அதன் பிறகு உட்கார்ந்து பேசும் நேரம் குறைந்தது அதே அளவாவது இருக்கட்டும். என்ன பார்த்தீர்கள், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேளுங்கள். குறையை எண்ணும் கூட்டமாக அதை ஆக்கிவிட்டால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கேஸ் எழுத நேரமில்லாதவர்களுக்கு, அமெரிக்காவின் தேசிய நர்சிங் லீக் முதியோர் பராமரிப்பு குறித்த கேஸ்களை ஆசிரியர்களுக்கு இலவசமாகவே தருகிறது. நோயாளியின் பெயரையும் குடும்பச் சூழலையும் உங்கள் மாணவர்களுக்குப் பழகியதாக மாற்றிச் சொன்னால் நன்றாக ஒட்டும்.

சின்ன விஷயங்களுக்குச் சிமுலேஷனே தேவையில்லை. கை கழுவுதலுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் சுவரொட்டியும் ஒரு கடிகாரமும் போதும்: சோப்பு நீரில் 40 முதல் 60 விநாடி, ஆல்கஹால் திரவத்தில் 20 முதல் 30 விநாடி. கற்றதைத் திரும்பச் செய்துகாட்டும் ரிட்டர்ன் டெமோவை மாணவர்கள் ஒருவரையொருவர் போனில் எடுத்து, செக்லிஸ்டை வைத்துத் தாங்களே மதிப்பிடட்டும்.

கணினியில் சார்ட் எழுதிப் பழக ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற நோயாளிப் பதிவேட்டு மென்பொருளின் மாதிரித் தளம் இருக்கிறது. அங்கே போடுவது பொதுவெளியில் இருக்கும், அவ்வப்போது அழிக்கவும்படும். கற்பனை நோயாளியை மட்டுமே பதியச் சொல்லுங்கள், முடித்ததும் ஸ்கிரீன்ஷாட் வாங்கிக்கொள்ளுங்கள்.

7. வாங்கி வைக்க வேண்டிய காகிதங்கள்

வகுப்பு தொடங்கும் முன் உங்கள் கோப்பில் இவை இருக்க வேண்டும்:

- எந்தக் கருவியை எந்தப் பாடத்துக்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம், அவர் கையொப்பத்தோடு.
- வீடியோ எடுக்கும் வகுப்பானால் ஒவ்வொரு மாணவரிடமும் எழுத்துப்பூர்வச் சம்மதம். யார் பார்ப்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.
- முன்பு சொன்ன உரிம விரிதாள்.
- கருவி வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது என்று அரைப் பக்கத் திட்டம். அச்சிட்ட கேஸ் ஷீட்டே பெரும்பாலும் போதும்.

கடிதத்துக்குக் கையொப்பம் கிடைக்க நாளாகும், அதனால் அதை முதல் வாரமே கொடுத்துவிடுங்கள்.

நோயாளி விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வார்டில் எடுத்த புண் படம், கேஸ் ஷீட்டின் ஒரு மூலை, எக்ஸ்ரே எதுவும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்குள் வரக் கூடாது. பெயரை மறைத்தாலும் படுக்கை எண், தேதி, ஊர் மூன்றும் சேர்ந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். கேர் பிளானுக்கு வயதும் நோயும் இருந்தாலே எழுதலாம். முதல் நாள் போஸ்டிங்குக்கு முன்பே இதை மாணவர்களிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

8. செயற்கை நுண்ணறிவு

சாட்ஜிபிடி போன்றவை கேஸ் எழுதவும், கடினமான பத்தியை எளிமையாக்கவும், வினாக்களின் முதல் வரைவுக்கும் உதவும். டோஸ், மருந்துகளுக்கிடையிலான விளைவு, ஆய்வக இயல்பளவு ஆகியவற்றுக்கு அவற்றை நம்பாதீர்கள். தவறான எண்ணையும் சரியான எண்ணைப் போலவே உறுதியாகச் சொல்லும். இல்லாத ஆய்வுக் கட்டுரைக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் போட்டுத் தரும். மாணவர் மேற்கோள் காட்டும் ஒவ்வொரு கட்டுரையையும் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள், கிடைத்ததை மேற்கோள்களைத் தொகுக்கும் ஸொட்டேரோ மென்பொருளில் சேமிக்கட்டும். நோயாளி விவரம் எதையும் இவற்றில் தட்டச்சு செய்யக் கூடாது.

9. இணையம் சரியில்லாத இடத்தில்

கிவிக்ஸ் என்ற செயலியில் விக்கிப்பீடியாவின் மருத்துவக் கட்டுரைகளை மொத்தமாக இறக்கி வைத்துக்கொண்டு இணையமே இல்லாமல் படிக்கலாம். குளோபல் ஹெல்த் மீடியா புராஜெக்டின் வீடியோக்களையும் தரவிறக்கலாம். பிரசவம், பச்சிளங்குழந்தை பராமரிப்பு, தாய்ப்பால் ஊட்டுதல் எல்லாம் உண்மையான வார்டுகளில் எடுத்தவை, பார்த்ததும் புரியும். பாடநூல் பிடிஎஃப்களையும் இவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு வகுப்பில் சுற்றுக்கு விடுங்கள். மாணவர்கள் தலைக்குத் தனித்தனியாக டேட்டா செலவழிக்க வேண்டியதில்லை.

10. செலவு எங்கே ஒளிந்திருக்கும்?

ஜூம் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் நின்றுவிடும், வகுப்பை அதற்குள் பிரித்துத் திட்டமிடுங்கள். கூகுள் கணக்கின் இலவச இடம் 15 ஜிபி, ரிட்டர்ன் டெமோ வீடியோக்கள் சேர்ந்தால் ஒரே பருவத்தில் நிரம்பிவிடும். மதிப்பெண் போட்டதும் அழித்துவிடுங்கள், சம்மதப் படிவத்தில் சொன்ன வாக்குறுதியும் காப்பாற்றப்படும். ஸொட்டேரோவில் இலவசச் சேமிப்பு 300 எம்பி. பிடிஎஃப்களைக் கணினியிலேயே வைத்துக்கொண்டு குறிப்புகளை மட்டும் ஒத்திசைத்தால் அது நிரம்பாது. இலவசச் சோதனைக்காக கார்டு எண் கேட்கும் எந்தத் தளத்திலும் மாணவர்களைப் பதியச் சொல்லாதீர்கள். சோதனைக் காலம் முடிந்த அன்று பணம் தானாகவே போகத் தொடங்கிவிடும், போவது அந்தப் பிள்ளைகளின் பணம்.

பருவம் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது உட்கார்ந்து எல்லா இணைப்புகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். தளங்கள் இடம் மாறும், இலவசமாக இருந்தது கட்டணத்துக்குப் போகும், நூலுக்குப் புதிய பதிப்பு வரும். மாறியதை உரிம விரிதாளில் தேதியோடு குறித்துவிட்டு, அடுத்து அதே பாடத்தை எடுக்கப்போகும் ஆசிரியருக்கு அந்தக் கோப்பை அனுப்பிவிடுங்கள்.